நானூற்றுப் பதினேழாம் பில்லை

எங்கள் தெருவில் ஆண்களுக்குப் பெயர் இருந்தது, ஆனால் புழக்கத்தில் இல்லை. மில்லில் சேரும் அன்று எண் பொறித்த பித்தளை வட்டு ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பில்லை என்போம். அன்று முதல் அந்த எண்தான் ஆள். என் அப்பா நானூற்றுப் பதினேழு. எதிர்வீட்டு மாமா ஐந்நூற்று நாற்பது. பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாலும் சரி, மாதா கோயில் தேர் பார்க்க நின்றிருந்தாலும் சரி, "என்னா பதினேழு, இந்தப் பக்கம்?" என்றுதான் விசாரிப்பு நடக்கும். ஒன்றாம் வகுப்பில் டீச்சர் அப்பா பெயரைக் கேட்டபோது நான் எண்ணைச் சொன்னேன். பாதி வகுப்பு சிரித்தது. மீதிப் பேர் சிரிக்கவில்லை. அவர்களும் அதையேதான் சொல்ல இருந்தார்கள்.

புதுச்சேரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குக் கடற்கரையும் மஞ்சள் சுவர் வீடுகளும் ஞாபகம் வருகின்றன. எங்களுக்கு ஊர் என்பது மில்லின் பின்பக்கச் சுவர். பிரெஞ்சுக்காரர்கள் இருந்த காலத்தில் எழுப்பியது. அதன் காரை பெயர்ந்து செங்கல் தெரியும். மில் சங்கு ஊதினால் அடுப்பில் உலை ஏறும். அடுத்த சங்குக்குத் தெரு முழுக்க சைக்கிள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தால் நூற்புப் பிரிவு. கத்திப் பேசினால் தறிப் பிரிவு. தறிச் சத்தத்திலேயே முப்பது வருஷம் நின்றவர்களுக்குக் காது போய்விடும். அதனால் தெருமுனைப் படிப்பகத்தில் ஒருவர் பேப்பர் படிக்க ஆரம்பித்தால், கூச்சல் போட்டுத்தான் படிக்க வேண்டும். வீட்டுக்குள் வேலை செய்துகொண்டே பெண்களெல்லாம் செய்தி கேட்டுவிடுவார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் எல்லாரையும் மில்லுக்குள் விடுவார்கள். எதிர்வீட்டு மாமா கிறிஸ்துவர். அவர்தான் தன் தறிக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். நூல் சுற்றும் காகிதக் கூம்புகளை நாங்கள் பொறுக்கி வருவோம். அதில்தான் அவர் வீட்டு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஆகும்.

நான் சிறு வயதிலிருந்தே பயந்தவள். இன்றைக்கும் வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்போது சங்கு இரண்டு நிமிஷம் பிந்தினாலே போதும். உள்ளே ஏதோ ஆகிவிட்டது, அப்பாவுக்குத்தான் ஆகிவிட்டது என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன்.

மில் ஆள் ஒருவர் இறந்துபோனால், எந்த மதமானாலும், நேராகச் சுடுகாட்டுக்கோ கல்லறைக்கோ கொண்டுபோக மாட்டார்கள். முதலில் மில் வாசல். ரிட்டையராகி இருபது வருஷம் ஆனவருக்கும் அதே வழக்கம்தான். பில்லை அவரவர் வீட்டில்தான் இருக்கும். சாகும்வரை யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பாடையை வாசலில் இறக்கியதும் மேளம் நிற்கும். டைம் ஆபீஸ்காரர் வருகைப் புத்தகத்தோடு வெளியே வருவார். அவரை எல்லாரும் முசே என்பார்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரியைக் கூப்பிட்ட மரியாதைச் சொல். அதிகாரி கப்பலேறிப் போக, சொல் மட்டும் டைம் ஆபீஸ் நாற்காலியில் தங்கிவிட்டது. முசே புத்தகத்தைப் பிரித்து, இறந்தவரின் எண்ணை மூன்று தடவை கூப்பிடுவார். தினமும் வேலைக்கு வரும்போது கூப்பிடுகிற அதே குரல். பதில் வராது. வராது என்று தெரிந்தும் எல்லாரும் காத்திருப்பார்கள். பிறகு மகனோ தம்பியோ பில்லையை அவர் கையில் வைப்பார்கள். "ஷிப்டு முடிஞ்சுது. வூட்டுக்குப் போ" என்பார் முசே. அதன் பிறகுதான் அழுகை. பெண்களும் பிள்ளைகளும் அதுவரைதான் வரலாம். அங்கிருந்தே வீடு திரும்பிவிட வேண்டும்.

நான் மூன்றாவது படிக்கும்போது பெரியப்பா போனார். அவரும் அதே மில்தான். வாசலில் படுத்திருந்தபோது தூங்குகிற மாதிரியே இருந்தார். மூன்று தடவை கூப்பிட்டார்கள். நானாக இருந்தால் நாலாவது தடவையும் கூப்பிட்டிருப்பேன். அப்பா பில்லையைக் கொடுத்தார். அதற்கப்புறம் பெரியப்பாவை நான் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கொடுத்திருந்தால் எழுந்திருப்பார், அப்பா அவசரப்பட்டுவிட்டார் என்று ரொம்ப நாள் எனக்குள் ஒரு வருத்தம் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் மில் தள்ளாட ஆரம்பித்தது. மூன்று ஷிப்டு இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒரு நாள் சங்கே ஊதவில்லை. அன்று தெருவில் முக்கால்வாசி வீட்டில் சோறு குழைந்துபோயிற்று. மில் வாசலில் பந்தல் போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். சில மாதம் கழித்து ஒரு நோட்டீசு ஒட்டினார்கள். விருப்பப்பட்டுப் போகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பில்லையைத் திருப்பித் தர வேண்டும். வருகிற தொகையோடு கணக்குத் தீர்ந்தது. கெடு ஒரு வெள்ளிக்கிழமை.

பந்தலில் அப்பா எழுந்து நின்று, "உசுரோட பில்லைய குடுக்கறவன் வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று சொன்னார். தறிக்காரர் குரல் என்பதால் அது நாலு தெருவுக்குக் கேட்டது.

அதற்குள் அம்மா கடற்கரைப் பக்கம் ஒரு லாட்ஜில் துணி துவைக்கப் போக ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். ஒரு நாள், "விரிப்பெல்லாம் நம்ப மில்லு கர போட்டதுதான். உங்க தறியா கூட இருக்கும்" என்றாள். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

கெடு முடிகிற வாரம், புதன்கிழமை. நான் உள்ளே வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் கொல்லையில் ரகசியம் பேசினார்கள். காது கேட்காத மனுஷனால் ரகசியம் பேச முடியாது.

"வெள்ளிக்கெழம போயி குடுத்துட்டு வந்துடறேன்," என்றார் அப்பா.

அம்மா என்ன சொன்னாளோ, கேட்கவில்லை.

"பந்தல்ல சொன்னது சொன்னதுதான். அதுக்காவ நீ எத்தினி நாளைக்கு அடுத்தவன் துணிய தோய்ப்ப? பாப்பா படிப்பு இருக்குது. மனச தேத்திக்கிட்டேன். நீயும் தேத்திக்க."

மனதைத் தேற்றிக்கொள்வது என்பதைப் பெரியப்பா வீட்டில் பதினாறு நாளும் கேட்டிருந்தேன். அப்பா வெள்ளிக்கிழமை சாகப் போகிறார். அதற்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். அம்மா சம்மதித்துவிட்டாள்.

அப்பாவின் பில்லை சாமி படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் கறுப்புக் கயிற்றில் தொங்கும். வியாழக்கிழமை காலை, அம்மா வேலைக்குப் போய், அப்பா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போன நேரம், நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். கயிற்றைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டுவிட்டு, பில்லையை என் ஜாமெட்ரி பாக்சில் வைத்தேன். அன்று முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறவில்லை. பையைத் தொட்டால் போதும், காம்பஸும் பில்லையும் இடித்துக்கொண்டு கலகலவென்றது. பக்கத்துப் பெண், "என்னாடி அது சத்தம்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு ஆணியைப் பார்த்தார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

"இங்க இருந்தது எங்க?"

"நான் எடுக்கலியே," என்றாள் அம்மா. "நல்லா பாருங்க. சட்டப் பையில இருக்கப் போவுது."

பெட்டியை இழுத்தார்கள். பாயை உதறினார்கள். சாமி படத்தை இறக்கிப் பின்பக்கம் பார்த்தார்கள். பல்லி ஒன்று ஓடியது, வேறு எதுவும் இல்லை. பானைக்குப் பின்னாலிருந்து கறுப்புக் கயிறு மட்டும் அம்மா கையில் வந்தது.

"கவுறு இங்க கெடக்குது, பில்லை எங்க போச்சு? எலி இழுத்துக்கினு போயிருக்குமா?" அம்மா கயிற்றை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். அறுபடவில்லை, முடிச்சு கையால் அவிழ்த்த மாதிரி இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நீ பாத்தியா?"

"இல்லப்பா."

என் கண் பைப் பக்கம் போய்த் திரும்பியது. அவர் கயிற்றை ஆணியில் மாட்டினார். அம்மா, லாட்ஜுக்கு நேரமாகிவிட்டது என்று, தேடுவதைப் பாதியில் விட்டு ஓடினாள். போகும்போதும், "அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது. தேடுங்க, தேடுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு என் பையில் சாப்பாட்டு டப்பா வைப்பது அப்பா வேலை. நான் முகம் கழுவி வருவதற்குள் பையைக் கட்டி வைத்திருந்தார். "வா, போற வழியில மில்லாண்ட போயிட்டு அப்படியே பள்ளிக்கூடத்துல வுட்டுடறேன்," என்றார். பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். மார்போடு அணைத்து, அது ஆடாமல், சத்தம் வராமல், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தேன். அப்பாவுக்குக் கேட்காது, பரவாயில்லை. முசேவுக்குக் கேட்குமே. ஆனால் அன்று பை ஓசையே எழுப்பவில்லை. எல்லாச் சாமிக்கும், எதிர்வீட்டு மாதாவுக்கும் சேர்த்து மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

மில் வாசலில், பாடை இறக்குகிற அதே இடத்தில், ஒரு மேஜை போட்டிருந்தார்கள். முசே உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி. எதிரே நீள வரிசை. இவ்வளவு பேர் சேர்ந்து சாக வந்திருக்கிறார்களே என்று தலைகளை எண்ண ஆரம்பித்தேன். எதிர்வீட்டு மாமா எங்களுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"வா பதினேழு," என்றார். "பாத்தியா, உசுரோட பாடையில ஏறணும்னாலும் நம்ப ஊர்ல க்யூவுலதான் வரணும்."

பின்னாலிருந்து ஒருவர், "கை நனைக்க மாட்டேன்னு சொன்ன ஆளாச்சே. இன்னிக்கு யார் வூட்டுல சாப்பாடு?" என்றார்.

"உன் வூட்டுலதான். கொழம்பு கூட்டச் சொல்லு," என்று அப்பா சத்தமாகச் சொன்னார். வரிசை சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

முசே ஒவ்வோர் எண்ணாகக் கூப்பிட்டார். "ஐநூத்தி நாப்பது."

"இருக்கேன் முசே," என்றார் மாமா. கையெழுத்துப் போட்டார். பில்லையை அவரே தகரப் பெட்டியில் போட்டார். முசே கை நீட்டவில்லை. ஷிப்டு முடிந்தது என்றும் சொல்லவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. மாமா நகர்ந்துபோய்ச் சுவர் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டார். செத்துவிடவில்லை. அது கொஞ்சம் குழப்பமாக இருந்தது. பெரியப்பாவுக்கும் உடம்பு முடியாமல் படுத்தபின் நாலு நாள் ஆயிற்று என்பது ஞாபகம் வந்தது. இவருக்கும் நாலு நாள் ஆகும்போல என்று முடிவு செய்துகொண்டேன்.

"நானூத்திப் பதினேழு."

"இருக்கேன் முசே." அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "பில்லை காணும். காலைலேருந்து தேடறோம்."

முசே கண்ணாடியைக் கழற்றினார். "என்னாப்பா இது, கடைசி நாள் அதுவுமா? பில்லை இல்லாம கையெழுத்து வாங்காதேன்னு எழுதியே குடுத்திருக்கான். போயி நல்லா தேடு. அஞ்சு மணி வரைக்கும் நான் இங்கதான் கெடப்பேன்."

"தேடியாச்சு."

"கொழந்தைங்க வெளையாட்டா எடுத்து எங்கனா…" முசேவின் பார்வை என் மேல் வந்து, பைக்கு இறங்கியது.

"அவ எடுக்க மாட்டா," என்றார் அப்பா. "அவளுக்கு அத பாத்தாலே பயம்."

பை என் நெஞ்சில் இடித்துக்கொண்டிருந்தது. இல்லை, நெஞ்சுதான் பையில் இடித்தது. இப்போது திறந்து காட்டிவிட்டால் அடி விழும், அவ்வளவுதான். ஆனால் அப்பா செத்துப்போவார். பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

முசே பேனாவை மூடித் திறந்தார். "அப்ப உன் நம்பருக்கு நேரா நான் என்னாதான் எழுதறது?"

"இருக்கேன்னு எழுதுங்க," என்றார் அப்பா.

அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பி நடத்திக்கொண்டு போனார். பள்ளிக்கூட வாசலில் என்றைக்கும் இல்லாமல் குனிந்து என் ரிப்பனைச் சரிசெய்தார். "ஓடு, பெல் அடிச்சாச்சு," என்றார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். வீடு தலைகீழாகக் கிடந்தது. அரிசிப் பானையில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். கடைசியில் பானையையே கவிழ்த்தாள். கடிகாரத்தைப் பார்ப்பாள், அடுப்புச் சாம்பலைக் கிளறுவாள், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பாள்.

"ஏங்க, சும்மா ஒக்காந்திருக்கீங்களே. இன்னும் இருவது நிமிஷம் இருக்குது. சைக்கிள்ல போனா அஞ்சு நிமிஷம்."

"வுடும்மா. காணாப் போனது காணாப் போனதுதான்."

"எல்லாரும் குடுத்துட்டாங்க. நம்ப மட்டும்தான்."

அப்பா வாசற்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றேன். பெரிய முள் பன்னிரண்டைத் தாண்டும்வரை நான் இமைத்ததாக ஞாபகமில்லை. தாண்டியது. அம்மா அரிசிக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கையெழுத்துப் போடாத ஏழெட்டுப் பேரும் ஒரு வழக்குப் போட்டார்கள். அது இன்னும் எங்கோ நடக்கிறது என்கிறார்கள். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நானும் அம்மாவோடு அதே லாட்ஜுக்குப் போய் விரிப்பு துவைத்தேன். அவள் கடைசிவரை எலிதான் இழுத்துப் போனது என்று நம்பினாள். நான் அவளிடம் சொல்லவே இல்லை. ராத்திரி வேலையெல்லாம் முடித்து அவள் விரல்களுக்கு நான் எண்ணெய் தடவும்போது சொல்லிவிடலாம் என்று தோன்றும், அடுத்த விரலுக்குப் போய்விடுவேன். அப்பா இருக்கிறார். இப்போது சுத்தமாகக் காது கேட்பதில்லை. இதைப் பற்றிக் கேட்க வாயெடுத்தால், கேட்காத காதுதான் என்றாலும், அதையும் ஒரு கையால் பொத்திக்கொள்வார்.

அன்றைக்கு ஐந்து மணி தாண்டியதும் பையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். துவைகல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து ஜாமெட்ரி பாக்சைத் திறந்தேன். பில்லை இருந்தது. ஆனால் நான் வைத்தபடி வெறுமனே இல்லை. சைக்கிள் துடைக்க அப்பா வைத்திருக்கும் கழிவுப் பஞ்சு அதைச் சுற்றி உருண்டையாக இருந்தது. பஞ்சுக்கு மேல் நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. தறியில் அறுந்த இழையைச் சேர்க்கப் போடுவார்களே, கடுகளவு முடிச்சு, அது. நகத்தால் கிள்ளிப் பார்த்தேன், அவிழவில்லை. அதை யார் சுற்றினார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பா சாகப் போவதில்லை; அந்த வயதில் அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பல்லால் கடித்து நூலை அறுத்தேன். பில்லையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, துவைகல்லுக்கு அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். உதட்டில் ஒட்டிய பஞ்சைத் துப்பிக்கொண்டே உள்ளே வந்தேன். அம்மா தரையில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அவளைத் தாண்டிப் போய் அப்பா மடியில் உட்கார்ந்துகொண்டேன்.